கோல்டு டியூமர்: குளிர்ந்த கட்டியா, அழலாக் கட்டியா?

புற்றுநோய் மருத்துவத்தில் இப்போது அடிக்கடி தட்டுப்படும் சொல் 'கோல்டு டியூமர்'. 'குளிர்ந்த கட்டி' என்று உடனே தமிழாக்கத் தோன்றும். சிக்கலும் அங்கேதான். கட்டி தொட்டால் சில்லென்று இருக்குமோ, ஒத்தடம் கொடுத்தால் சரியாகுமோ என்று நினைப்பு போய்விடும். கட்டியின் வெப்பநிலைக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பே கிடையாது.

'டியூமர்' என்பதற்கு லத்தீனில் வெறும் வீக்கம் என்றுதான் பொருள். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான கெல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அடிபட்ட இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் வரும் சூடு அது. கூடவே வெள்ளணுக்களும் வந்து குவியும். காசநோயில் சூடும் சிவப்பும் இல்லாமல் சீழ் கட்டுவதை 'கோல்டு ஆப்சஸ்' என்பதும் இந்தக் கணக்கில்தான்.

புற்றுநோய்க்கு வரும்போது சூடு உவமையாகிவிட்டது. புற்றுச்செல்களைக் கொல்லக்கூடிய ஒருவகை வெள்ளணுக்களான டி செல்கள் கட்டிக்குள் திரளாகப் புகுந்திருந்தால் 'ஹாட்'. எட்டிப் பார்க்கவே இல்லையென்றால் 'கோல்டு'. பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் இந்தச் செல்கள் எவ்வளவு, எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை வைத்தே நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று பிரான்ஸின் ஜெரோம் கலோன் குழு 2006இல் காட்டியது.

இது ஏன் முக்கியம்? ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு வாங்கித்தந்த ஆய்வு, டி செல்களின் பிரேக்கை விடுவிப்பது பற்றியது. அதிலிருந்து வந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகள் மெலனோமா என்ற தோல் புற்றில் பலருக்கு நன்றாக வேலை செய்தன. கணையப் புற்றில் பெரும்பாலும் இல்லை. வண்டியே வராத இடத்தில் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? சில கட்டிகளில் டி செல்கள் விளிம்புவரை வந்து, உள்ளே போக வழியில்லாமல் நின்றுவிடுவதும் உண்டு.

அதனால்தான் முதலில் கட்டியைச் 'சூடாக்க' முயல்கிறார்கள். கதிர்வீச்சோ சில கீமோ மருந்துகளோ புற்றுச்செல்களைக் கொல்லும்போது, அவற்றின் புரதங்கள் வெளியே சிதறுகின்றன. காவல் செல்கள் அவற்றை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப்போய் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. மாற்றியமைத்த ஹெர்பஸ் வைரஸைக் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுவது இன்னொரு வழி; மெலனோமாவுக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. எப்போதும் பலிக்கும் என்றில்லை. கதிர்வீச்சு சில சமயம் டி செல்களை அடக்கும் செல்களையும் சேர்த்தே அழைத்து வந்துவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? விடை நம் கையிலேயே இருக்கிறது. இன்ஃபிளமேஷனுக்கு நாம் வைத்த 'அழற்சி'க்குள் 'அழல்', அதாவது தீ, இருக்கிறது. அப்படியானால் 'அழலும் கட்டி', 'அழலாக் கட்டி'. 'அழற்சிக் கட்டி' என்று மட்டும் வேண்டாம். அழற்சி மார்பகப் புற்று என்று வேறொரு நோய் ஏற்கெனவே இருக்கிறது, குழம்பிவிடும்.

அப்புறம், 'ரெசிஸ்டன்ஸ்'. இதற்கும் 'எதிர்ப்பு' என்றே எழுதினால் 'நோயெதிர்ப்புச் சிகிச்சையை எதிர்க்கும் கட்டி' என்று வந்து நிற்கும். யார் யாரை எதிர்க்கிறார்கள் என்றே புரியாது. மருந்துக்கு 'மசியாத கட்டி' என்றால் போதும். 'ரெஸ்பான்ஸ்' என்பதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். நோய் மருந்துக்குக் கேட்கிறது, கேட்கவில்லை என்று நாம்தான் காலங்காலமாகச் சொல்கிறோமே. அழலாக் கட்டியை அழலவைத்து, மருந்துக்குக் கேட்கவைப்பது: இந்த ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான்.