ஹிட்லரின் அவசரத்துக்குப் பின்னால் இருந்த உண்டியல்

"ஹிட்லர் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தார்; போரில் மட்டும் இறங்காமல் இருந்திருந்தால் வரலாறு அவரைக் கொண்டாடியிருக்கும் அல்லவா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். படித்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. அந்த வேலைவாய்ப்பு எந்தப் பணத்தில் வந்தது என்று பார்த்தால், போரைத் தவிர்த்துவிட்டு அதை மட்டும் தனியே பெற்றிருக்க முடியாது என்பது விளங்கும்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கை, 1929இன் பெருமந்தம், 1933 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையின்றி நின்ற சுமார் 60 லட்சம் பேர், அதே ஆண்டு ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்றது ஆகியவை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. கிழக்கே நிலம் பிடிப்பது அவருடைய பழைய கனவு. அதற்குப் பெரும் படை வேண்டும். ஆனால் உடன்படிக்கை அனுமதித்ததோ ஒரு லட்சம் வீரர்களை மட்டுமே. கருவூலமும் காலியாக இருந்தது.

இந்த இடத்தில்தான் ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பாங்கின் தலைவர் யால்மர் ஷாக்ட் தம் கைவரிசையைக் காட்டினார். க்ருப், சீமென்ஸ் முதலான பெருநிறுவனங்களின் பெயரில், வெறும் பத்து லட்சம் மார்க் முதலீட்டில், 'மேஃபோ' என்ற கம்பெனி 1933இல் தொடங்கப்பட்டது. உலோக ஆய்வு நிறுவனம் என்பது பெயரளவில்தான். அங்கே ஆய்வும் இல்லை, உற்பத்தியும் இல்லை. பீரங்கி செய்து கொடுத்த தொழிற்சாலை, அரசிடம் பணம் கேட்காமல் மேஃபோவின் மீது ஓர் உண்டியல், அதாவது குறித்த தவணையில் பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டு, எழுதும். மேஃபோ அதை ஏற்றுக் கையொப்பமிடும். அரசு உத்தரவாதம் அளிக்கும். ரைஷ்பாங்க் எப்போது கேட்டாலும் அதைப் பணமாக்கித் தரும். செட்டிநாட்டு வணிகத்தில் புழங்கிய உண்டியலைப் போன்றதே இதுவும் என்றாலும், அங்கே அதன் பின்னால் சரக்கும் நாணயமும் இருந்தன. மூன்று மாதத் தவணையை ஐந்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம், 4 சதவீத வட்டியும் உண்டு என்பதால், வைத்திருந்தவர்கள் உடனே மாற்ற ஓடவில்லை. அரசின் வரவுசெலவுக் கணக்கில் இக்கடன் தெரியாது. ஆகவே, படை பெருகும் வேகத்தை வெளிநாடுகளால் கணக்கிட முடியவில்லை. 1938க்குள் இப்படி 1,200 கோடி மார்க் புழக்கத்துக்கு வந்திருந்தது.

வேலை கிடைத்தது உண்மை. ஆனால் பீரங்கியை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டவில்லை. அதைச் செய்யத் தேவையான இரும்புத்தாது, எண்ணெய், ரப்பர் ஆகியவற்றையோ இறக்குமதி செய்தாக வேண்டும். வேகத்தைக் குறைக்கச் சொன்ன ஷாக்ட் ஓரங்கட்டப்பட்டார். 1936இல், பொருளாதாரத்தைப் போருக்குத் தயார்செய்யும் நான்காண்டுத் திட்டம் ஹிட்லரின் நெருங்கிய கூட்டாளி கோரிங்கின் கைக்குப் போனது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, ரைஷ்பாங்க் வெளியில் காட்டிய கையிருப்பைவிடப் பல மடங்கு தங்கமும் செலாவணியும் வியன்னாவிலிருந்து கிடைத்தன. மறு ஆண்டு மார்ச்சில் செக் தலைநகர் பிராகாவோடு ஸ்கோடா ஆயுத ஆலைகள் வந்தன. அங்கே பிடிபட்ட செக் டாங்கிகளும் 1940இல் பிரான்சுக்குள் ஓடின.

இதற்கிடையே உண்டியல்களின் ஐந்தாண்டுத் தவணை முடியத் தொடங்கியது. கட்டற்ற செலவு நாணய மதிப்பைக் குலைத்துவிடும் என்று 1939 ஜனவரியில் ரைஷ்பாங்க் இயக்குநர்கள் எழுதிக் கொடுத்தனர். ஷாக்ட் பதவி இழந்தார். ஆகஸ்ட் 22 அன்று தளபதிகளிடம் பேசிய ஹிட்லர், நம் பொருளாதாரம் இன்னும் சில ஆண்டுகளே தாக்குப்பிடிக்கும் என்று தாமே சொன்னார். பத்து நாளில் போலந்து தாக்கப்பட்டது. போர்வெறி கொள்கையிலிருந்து வந்தது. நாள் குறித்ததில் கடனுக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து. ஒற்றைத் தலைவர் வந்தால் பொருளாதாரம் தானாக நிமிரும் என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கைகளின் பட்டியலிலேயே வைப்பேன்.

எண்ணெயின் கதை ஜெர்மனியோடு முடியவில்லை. இத்தாலியின் முசோலினி 1935இல் எத்தியோப்பியாவைத் தாக்கியபோது, நாடுகளின் பொது அமைப்பான சர்வதேச சங்கம் விதித்த தடையில் எண்ணெய் சேர்க்கப்படவில்லை. அந்தக் கோழைத்தனத்தை பெர்லினும் கவனித்தது. சீனாவில் சிக்கியிருந்த ஜப்பானின் ராணுவ ஆட்சிக்கோ எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1941இல் அது நிறுத்தப்பட்டதும், பின்வாங்குவதா, அடுத்தவர் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிப்பதா என்ற அதே கேள்வி டோக்கியோவிலும் எழுந்தது. டிசம்பரில் பேர்ல் துறைமுகமும் மலாயாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாக்கப்பட, ஐரோப்பியப் போர் உலகப் போரானது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர், சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போட அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியரால் கொண்டுசெல்லப்பட்டனர்.