ஒரே கருவில் எல்லா மாடலும்

புயல் சமயத்தில் வானிலைச் செயலிகளை நோண்டுபவர்களுக்கு ஜி.எஃப்.எஸ். பழக்கமான பெயர். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் உலகளாவிய மாடல் அது, அதாவது வானிலையைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லும் கணினி நிரல். 2012-இல் சாண்டி சூறாவளி அதன் மானத்தை வாங்கிவிட்டது. புயல் இடப்பக்கம் திரும்பி அமெரிக்கக் கரையைத் தாக்கும் என்று ஐரோப்பிய மாடல் ஒரு வாரம் முன்பே காட்டியது, ஜி.எஃப்.எஸ். அதைப் பல நாட்கள் அட்லாண்டிக்குக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்தது.

சிக்கல் அந்த ஒரு மாடலோடு நிற்கவில்லை. வட அமெரிக்காவுக்கு ஒன்று, மணிக்கொரு முறை ஓட ஒன்று, சூறாவளிக்கு வேறொன்று எனத் தேவைக்கேற்ப மாடல்கள் பெருகியிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பாகங்கள்: காற்று நகர்வதைக் கணக்கிடும் கரு, மேகம், மழை, வெயில், மண் ஈரம் பார்க்கும் இயற்பியல். கரு வேறுபட்டதால், ஒன்றில் மேகக் கணக்கைத் திருத்தினால் மற்றதில் அதையே மறுபடி எழுதவேண்டும். வெளி நிபுணர் குழு ஒன்று 2015-இல், மாடல்களைக் குறையுங்கள் என்றே சொல்லிவிட்டது.

எல்லா மாடலுக்கும் ஒரே கரு என்பதுதான் திட்டம். அதற்காக, பிரின்ஸ்டனில் உருவான எஃப்.வி.3 என்ற கரு 2019 ஜூனில் ஜி.எஃப்.எஸ்-இல் ஏறியது. அட்ச, தீர்க்கக் கோடுகளால் பூமியைக் கட்டம் கட்டினால், துருவங்களில் கட்டங்கள் நெருங்கி ஒல்லியாகிவிடும். மாடல் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகக் கணக்கிடும். ஒரே துண்டு நேரத்தில் காற்று கட்டத்தைத் தாண்டிவிடாதிருக்க, துண்டைச் சிறிதாக்கவேண்டும். கணினிக்கு வேலை ஏறும். எஃப்.வி.3-இல் ஒரு கனசதுரத்தை பலூன் மாதிரி ஊதி உருண்டையாக்குகிறார்கள். ஆறு முகங்களிலும் கட்டங்கள் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 13 கிலோமீட்டர். ஒரு கட்டத்தை விட்டுப் போகும் காற்று, பக்கத்துக் கட்டத்தின் கணக்கில் அப்படியே ஏறும். நடுவில் காணாமல் போகாது. இதே கருவில், புயலோடு நகரும் நுண்கட்டங்களைப் பொருத்தியதுதான் 2023-இல் வந்த சூறாவளி மாடல்.

சரி, எல்லாவற்றுக்கும் இதுவே போதுமா? 3 கிலோமீட்டர் கட்டத்தில் இடிமழையைக் கணிக்க இதே கருவில் ஆர்.ஆர்.எஃப்.எஸ். என்ற மாடலைத் தயாரித்தார்கள். சோதனையில் அது காட்டிய இடிமழை நிஜத்தைவிட மூர்க்கமாக இருந்தது. அடுத்த பதிப்புக்கு எம்பாஸ் என்ற வேறு கருவை எடுக்க முடிவானது. ஒற்றைக் கரு என்ற ஆசை கொஞ்சம் அதிகம்தான் என்பேன். ஆனால் இயற்பியல் கணக்குகளைக் கருவோடு ஒட்டாமல் பொதுத் தொகுப்பாக எழுதத் தொடங்கியிருந்தார்கள். கரு மாறினாலும் அந்த உழைப்பு வீணாகாது.