துளையில் பொருந்துவதெல்லாம் படம் காட்டாது

சென்ற வாரம் இரணியல் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாகர்கோவிலில் உள்ள எங்கள் கடைக்கு வந்தார். கையில் இருந்த துணிப்பையில் மருமகளின் மடிக்கணினியும் மூன்று அடாப்டர்களும் இருந்தன. மருமகள் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறார். கழுத்து வலிக்கிறது என்பதால் பெரிய மானிட்டர் வாங்கியிருக்கிறார்கள். மடிக்கணினியை அதோடு இணைக்க முதலில் வாங்கிய டைப்-சி அடாப்டரில் படம் வரவில்லை. அடாப்டர் மேல் சந்தேகப்பட்டு இரண்டாவதை வாங்கினார். அதிலும் வராமல் போகவே, "இதுதான் ஒரிஜினல்" என்று கடைக்காரர் சொன்ன மூன்றாவதை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கினார். "மானிட்டருதான் கேடுன்னு நெனைக்கேன் மக்களே" என்றார்.

மூன்று அடாப்டர்களையும் எங்கள் மேசையில் இருந்த வேறொரு மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். மூன்றிலும் படம் வந்தது. அவர் கொண்டுவந்த மடிக்கணினியின் டைப்-சி போர்ட்டுக்கு, அதாவது கேபிள் செருகும் துளைக்கு, படத்தை வெளியே அனுப்பும் வசதி கிடையாது. முப்பது அடாப்டர் வாங்கினாலும் அதில் படம் வந்திருக்காது. இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், அழகுக்காக ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஓர் இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது. பிளேடால் அந்த இடத்தைக் கீறி எடுத்தபோது, ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத, படத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட் பளபளவென்று உள்ளே இருந்தது. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றைச் செருகியதும் எங்கள் கடை மானிட்டரில் படம் வந்துவிட்டது. இப்படி டைப்-சி அடாப்டரோடு வந்தவர்களில் இந்த மாதம் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டைப்-சி என்பது ஒரு வடிவத்தின் பெயர். திரும்பவும் சொல்கிறேன்: அது துளையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அந்தத் துளை என்ன வேலை செய்யும் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. 2014இல் அறிமுகமான அந்த இணைப்பில் 24 முனைகள் உண்டு. அவற்றில் எவற்றை உள்ளே எதனோடு இணைப்பது என்பதை மடிக்கணினியைத் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். ஒரு போர்ட் தரவை மட்டும் கடத்தலாம். இன்னொன்று தரவோடு மின்னேற்றமும் செய்யலாம். படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதியிலிருந்து வரும் பாதையை மதர்போர்டிலேயே (உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை) அந்தப் போர்ட்வரை கொண்டுவந்து சேர்த்திருந்தால் மட்டுமே அதன் வழியாகப் படம் வெளியே வரும். இதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். அந்தப் பாதை இல்லாத இடத்தில் சாதாரண அடாப்டரால் எதுவும் செய்ய இயலாது; அடாப்டர் வருகிற சிக்னலை மாற்றித் தரும், வராத சிக்னலை உண்டாக்காது. ஒரே மடிக்கணினியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டைப்-சி போர்ட்டுகளில் ஒன்றில் படம் வந்து மற்றதில் வராமல் இருப்பதும் வழக்கமான ஒன்றுதான்.

எனவே வாங்குவதற்கு முன் போர்ட்டின் அருகே அச்சிட்டிருக்கும் சின்னத்தைப் பாருங்கள். டி, பி என்ற ஆங்கில எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்த சின்னமோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வகையைக் குறிக்கும் அம்பு முனையுடைய மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். இரண்டு 'எஸ்' எழுத்துகளும் 5 அல்லது 10 என்ற எண்ணும் இருந்தால் அது தரவின் வேகத்தைத்தான் சொல்கிறது, அதைப் பார்த்துவிட்டு "பத்து போட்டிருக்கே, டிஸ்ப்ளே வராதா?" என்று கேட்பவர்கள் மிகப் பலர். சின்னமே அச்சிடாத மாடல்களும் உண்டு. அப்போது மடிக்கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, போர்ட்டுகளைப் பற்றிய பகுதியில் டைப்-சிக்கு நேரே டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

படம் வராத யுஎஸ்பி போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டாவது மானிட்டர் வேண்டுமென்றால், தனக்குள்ளேயே சிப் உள்ள டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு டிரைவர் என்ற இயக்கு மென்பொருளை நிறுவ வேண்டும், விலையும் கூடுதல். அலுவலக மடிக்கணினியில் டிரைவர் நிறுவ அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசியோடு வரும் டைப்-சி மின்னேற்றக் கேபிளை மானிட்டருக்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வகை, படத்தைக் கடத்தும் கம்பிகளே அவற்றுக்குள் இருக்காது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரணக் கேபிள் ஒருவழிப் பாதை: டிஸ்ப்ளேபோர்ட் முனை கணினியில்தான் இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் படம் வராது. பள்ளிகளிலும் ஆலய மண்டபங்களிலும் இன்னும் இருக்கும் பழைய விஜிஏ புரொஜெக்டர்களுக்குச் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதுவும் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும்.

தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 22, 24 அங்குல சாதாரண முழு எச்டி மானிட்டருக்கு எந்த நல்ல எச்டிஎம்ஐ கேபிளும் போதும். "8கே" என்று அச்சிட்டதைத் தேடி வாங்குவது வீண் செலவு. முழு எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே மானிட்டராக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 வகை அடாப்டர் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான், தரும். மவுஸ் விட்டுவிட்டு நகர்வதுபோல் கண்ணை உறுத்தும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.0 அல்லது அதற்கு மேற்பட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் முனையில் உள்ள தங்கமுலாம் படத்தைக் கூர்மையாக்காது. ஆனால் அது துருப்பிடிக்காது, நம் கடற்கரை ஊர்களுக்கு அந்த அளவில் நல்லதுதான். குளச்சல், முட்டம் பக்கமிருந்து வரும் கேபிள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனைகளில் பச்சை படிந்திருக்கும். சன்னலோரம் தொங்கவிடாமல், வேலை முடிந்ததும் கழற்றி மூடிய டப்பாவில் வையுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று முனை பிளக்கின் பெரிய எர்த் முனையை உடைத்துவிட்டோ, இரண்டு முனை மாற்றியைப் போட்டோ மானிட்டரை இயக்கும் வீடுகள் ஏராளம். எர்த் இல்லாத சாதனத்தின் உலோகப் பகுதியில் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதிவரை கசிந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலில் சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் கேபிளைச் செருகும் அந்த நொடியில் அது போர்ட்டின் சிப்பைக் கொன்றுவிடக்கூடும். அப்புறம் மதர்போர்டில் கைவைக்க வேண்டும். அந்தச் செலவில் நல்ல கேபிள் பத்து வாங்கலாம். சுருக்கென்று தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை மடிக்கணினி, மானிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, மின்பிளக்குகளையும் உருவிவிட்டு, பிறகு கேபிளைச் செருகுங்கள். ஐப்பசியில் இடி கேட்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையும் கேபிளையும் உருவிவிட வேண்டும்.

கேபிள் வாங்கப் புறப்படும் முன் மடிக்கணினியின் இரு பக்கங்களையும், மானிட்டரின் பின்பக்கத்தையும், மாடல் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள். படம் வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்த ஆசிரியர் கடைசியாக வாங்கிய அடாப்டரை மட்டும்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. மற்ற இரண்டின் பெட்டிகளும் அதற்குள் வீட்டு அடுப்பில் எரிந்துவிட்டிருந்தன.