தலையைத் தேடாதே, நெஞ்சில் குத்து

குத்துச்சண்டைப் போட்டியில் முதல் ரவுண்டு முடிந்து, கோச்சாக நான் நின்ற மூலைக்கு வந்த பையனுக்கு மூச்சு வாங்கியது. "சிக்கவே மாட்டேங்கறான் மாஸ்டர்" என்றான். விட்ட குத்தெல்லாம் தலைக்கு. எதிராளி இரண்டு விரற்கடை சாய்ந்தால் போதும், அத்தனையும் காற்றுக்குப் போய்விடும். வாங்குகிற அடியை விடக் காற்றில் போகிற குத்துதான் ஆளை வேகமாகக் களைக்க வைக்கும். இருபது வயதில் அதை யாரும் நம்புவதில்லை.

தற்காப்பில் தேர்ந்தவனோடு மோதப்போகும் பையன்களுக்கு நான் போட்டுக் காட்டும் சண்டை ஒன்று உண்டு. 2014 மே 3, லாஸ் வேகாஸ். ஃபிளாய்ட் மேவெதர் அதுவரை 45 சண்டைகளில் தோற்காதவர். இடது தோளை உயர்த்தித் தாடையை அதன் பின்னால் ஒளித்துக்கொள்வார். நேராக வரும் வலது குத்து தோளில் பட்டு வழுக்கும், அவருடைய வலது கை உடனே பதில் சொல்லும். எதிரே நின்ற அர்ஜென்டினாவின் மார்கோஸ் மைதானா நேராகக் குத்திக்கொண்டிருக்கவில்லை. கயிற்றோரம் நெருக்கி, கல்லெறிவது போல வலது கையைத் தோளுக்கு மேலாக வளைத்து இறக்கினார். தலை கிடைக்காதபோது விலா, புஜம், மார்பு என்று எது கிடைத்ததோ அதில் குத்தினார். குத்துகளை எண்ணிக் கணக்கு வைக்கும் காம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்கில் 858 குத்துகளில் 221 பட்டன. அவர்கள் அதுவரை கணக்கெடுத்த சண்டைகளில் மேவெதர் மீது வேறு யாரும் அத்தனை குத்துகளை இறக்கியதில்லை. ஒரு நடுவர் 114-114 என்று சமமாகப் போட்டார். மற்ற இருவரும் மேவெதருக்குக் கொடுத்ததால் மைதானா தோற்றார். செப்டம்பரில் நடந்த மறுசண்டையில் மேவெதர் கயிற்றோரம் நிற்கவில்லை. நகர்ந்தார், நெருங்கினால் கட்டிப்பிடித்தார், தெளிவாக ஜெயித்தார்.

அந்த வீடியோவை அப்படியே காப்பியடித்தால் நம் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். மைதானாவுக்கு 12 ரவுண்டு இருந்தது, நம் பையன்கள் ஆடும் அமெச்சூர் போட்டியில் மூன்றுதான். புஜத்தில் பட்டால் புள்ளி கிடையாது. முரட்டுத்தனம் காட்டினால் எச்சரிக்கை, அதில் ஒரு புள்ளி போகும். எடுக்க வேண்டியது இரண்டே விஷயம்: உடம்பில் குத்துவது, ஓட இடம் விடாதது. தலை ஆடும், நெஞ்சு அவ்வளவு ஆடாது. அதனால் முதல் நிமிடத்திலிருந்தே ஜாப், அதாவது முன் கையால் நேராக விடும் குத்து, நெஞ்சுக்கு, அப்புறம் விலாவுக்கு. நாலைந்து பட்டால் முழங்கை தானாக இறங்கும், தலை அப்போதுதான் திறக்கும். இடத்தை அடைக்கத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழக்குகிறேன். பின்னாலேயே துரத்தக்கூடாது. அவன் போகிற பக்கம், கால் பின்னாமல், நாம் முன்னே போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது ரவுண்டில் என் பையன் அதைச் செய்தான். கடைசி அரை நிமிடத்தில் எதிராளியின் முழங்கை இறங்கியது, ஒரு வலது குத்து கன்னத்தில் சுத்தமாகப் பட்டது. கூட்டம் கத்தியது. மூன்றாவதில் அந்தக் கத்தலே அவனைக் கெடுத்தது. மறுபடி தலையைத் தேடி வீச ஆரம்பித்தான். தாடை மேலே, இடது கை இடுப்பில். தற்காப்பு ஆடுகிறவன் காத்திருப்பதே இதற்குத்தான். அடுத்தடுத்து இரண்டு பதில் குத்து, என் பையனுக்குக் கால் தடுமாறியது. சீனியர் ஆண்களுக்கு 2013 முதல் தலைக்கவசமும் கிடையாது. சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை வீசினேன்.

மூலையில் நிற்கும் கோச்சுகளைக் கேட்டுக்கொள்கிறேன்: கால் தடுமாறிய பிறகு "ஒரு நிமிஷம்தான், சமாளி" என்று சொல்லாதீர்கள். சண்டைக்குப் பிறகு தலைவலி, வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தலையில் அடிபட்டுச் சண்டை நின்றால் குறைந்தது 30 நாள் போட்டியும் இல்லை, ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) இல்லை என்பது விதி. கோச் பிடிக்கும் பேடில் மெதுவாகத்தானே குத்துகிறான் என்று அந்த விதியில் ஓட்டை போடாதீர்கள்.

அன்று ஊர் திரும்பும் வரை அவன் என்னோடு பேசவில்லை. டாக்டரிடம் காட்டினோம், 30 நாளும் கையுறை தொட விடவில்லை. முப்பத்தோராம் நாள் காலை ஐந்தரைக்கே வந்து, அழிந்துபோயிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தானே போட்டுக்கொண்டிருந்தான்.