குமிழி நின்றால் நொதித்தல் முடிந்ததா?

வீட்டில் முதன்முறையாகப் பீர் தயாரிப்பவர், நொதிகலனின் மூடியில் செருகியிருக்கும் ஏர்லாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதியளவு நீர் ஊற்றிய அந்தச் சிறிய வளைகுழாய் வழியே வாயு வெளியேறும்போதெல்லாம் 'குபுக்' என்று ஒரு குமிழி எழும். மூன்றாம் நாள் ஓயாமல் எழுந்த குமிழி ஏழாம் நாள் அடங்கிவிட்டால், பீர் தயாராகிவிட்டது என்று முடிவு கட்டிப் பாட்டில்களைக் கழுவத் தொடங்கிவிடுவார். பின்னர் அந்தப் பாட்டில்கள் வெடிப்பதற்கான காரணம், பல வேளைகளில், இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

முளைகட்டி உலர்த்திய பார்லியே மால்ட். அதை வெந்நீரில் ஊறவைக்கும்போது, தானியத்திலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதித்து ஆறிய இந்த இனிப்புச் சாற்றில் குளுக்கோஸ் கொஞ்சமும், மால்டோஸ் மிகுதியாகவும், மூன்று குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த மால்டோட்ரையோஸ் ஓரளவும் இருக்கும். ஈஸ்ட் பொதுவாக இதே வரிசையில்தான் அவற்றை உண்கிறது. எளிதானது முதலில், கடினமானது கடைசியில். டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீண்ட சங்கிலிகளைச் சாதாரண பீர் ஈஸ்ட்டால் தொடவே முடியாது. பீரின் கனத்துக்கு அவையும் ஒரு காரணம். உண்ட சர்க்கரை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது: 180 கிராம் குளுக்கோஸிலிருந்து, வேதியியல் கணக்குப்படி, 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும். ஏறத்தாழச் சரிபாதி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பாட்டிலில் அடைக்கும்போது இந்தக் கணக்கு திரும்பவும் தேவைப்படும்.

தொடக்கத்தில் மட்டும் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். செல் சவ்வுக்குரிய ஸ்டெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் அது இல்லாமல் ஈஸ்ட்டால் உருவாக்க முடியாது என்பதால், ஆறிய சாற்றை ஈஸ்ட் இடும் முன் நன்றாகக் குலுக்கிக் காற்றூட்டுகிறோம். அதன்பின் வரும் ஆக்சிஜன் பகைதான். நனைந்த அட்டையின் வாடையைப் பீருக்குக் கொடுப்பது அதுவே. வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. ஏல் எனப்படும் பீர் வகைக்குரிய ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் ஏற்றது. ஆனால் நொதித்தலே வெப்பத்தை வெளியிடுவதால், அது வேகமெடுக்கும் நாட்களில் கலனின் உட்புறம் அறையைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். அறையின் வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார்.

இனி குமிழிக்கு வருவோம். கலனிலுள்ள பீர் ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கிறது. அறை சற்றுச் சூடானாலும் வளிமண்டல அழுத்தம் குறைந்தாலும், ஈஸ்ட் உறங்கிக்கொண்டிருக்கும்போதுகூட அந்த வாயு வெளியேறிக் குமிழி எழும். மாறாக, மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால், நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போதும் வாயு அந்த இடுக்கு வழியே போய்விட, ஏர்லாக் அசையாமல் நிற்கும். வாயு எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது; சர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அன்று.

அதைக் காட்டும் கருவி ஹைட்ரோமீட்டர். உயரமான குழாயில் சிறிது பீரை எடுத்து அதில் மிதக்கவிட்டால், திரவம் அடர்த்தியாக இருக்கும் அளவுக்கு அது மேலெழுந்து நிற்கும். தூய நீரில் 1.000 என்றும், ஈஸ்ட் இடும் முன் சாற்றில் 1.050 போலவும், நொதித்து முடிந்தபின் 1.010 போலவும் அளவு தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.040 என்பதை 131-ஆல் பெருக்கினால், ஆல்கஹால் கன அளவில் சுமார் 5.2 சதவீதம் என்று கிடைக்கும். குழாயில் மிதக்கும் கருவியின் உடலில் நுண்ணிய குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும். காம்பை விரல்களுக்கிடையே பிடித்து ஒருமுறை சுழற்றி, அவை உதிர்ந்தபின் படிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாகவே இருந்து, அந்த அளவு அந்த ஈஸ்ட்டிடம் எதிர்பார்க்கத்தக்கதாகவும் இருந்தால்தான் நொதித்தல் முடிந்ததாகக் கொள்ளலாம். 1.020-இல் நின்றுபோன பீர், குளிரில் ஈஸ்ட் சோர்ந்து பாதியில் நிறுத்திய வேலையாகவும் இருக்கலாம்.

அளவு நிலைத்தபின்னும் சில நாள் காத்திருப்பது நல்லது. ஈஸ்ட் வளரும்போது வெளியிட்ட ஒரு பொருள், டைஅசெட்டைல் என்னும் வெண்ணெய் மணச் சேர்மமாக மாறியிருக்கும். அதே ஈஸ்ட்தான் அதைத் திரும்ப உள்ளிழுத்து, மணமில்லாத பொருளாக மாற்றுகிறது. அவசரப்பட்டு ஈஸ்ட்டை வண்டலோடு பிரித்துவிடுபவர், வீட்டைத் துப்புரவு செய்ய வந்தவரைப் பாதி வேலையில் அனுப்பிவிடுகிறார்.

பாட்டிலில் அடைப்பது உண்மையில் இரண்டாவது நொதித்தல். தெளிந்த பீரிலும் போதிய ஈஸ்ட் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு அளந்து சர்க்கரை கொடுத்து மூடிவிட்டால், வெளியேற வழியற்ற வாயு பீரிலேயே கரைகிறது. ஒரு லிட்டர் பீரில் சுமார் 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் அதை ஒரு 'வால்யூம்' என்பார்கள். 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏறத்தாழ 0.85 வால்யூம் முன்பே இருக்கும். ஏல் பீருக்கு 2.4 தேவை என்றால், மீதி ஒன்றரை வால்யூமுக்கு லிட்டருக்கு 3 கிராம் வாயு வேண்டும். சரிபாதிக் கணக்குப்படி அதற்கு 6 கிராம் சர்க்கரை. 20 லிட்டருக்கு 120 கிராம். இதைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து மொத்தப் பீரிலும் சீராகக் கலப்பதே சிறந்தது. பாட்டிலுக்கு ஒரு கரண்டி என்று போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும்.

இந்தக் கணக்கோடு, முடியாத நொதித்தலை வைத்துப் பாருங்கள். ஹைட்ரோமீட்டரில் 0.002 குறைவதற்குள் ஏறத்தாழ ஒரு வால்யூம் வாயு உண்டாகிறது. 1.010 வரை இறங்க வேண்டிய பீரை 1.020-இல் அடைத்தால், நாம் இட்ட சர்க்கரை போக இன்னும் 5 வால்யூம் சேரும். 2.4 வால்யூமில் 20 டிகிரியில் பாட்டிலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட 1.8 வளிமண்டலம் மட்டுமே கூடுதல், 7.4 வால்யூமில் அது 7-ஐத் தாண்டும். அந்த அழுத்தத்தைச் சாதாரணக் கண்ணாடி தாங்கும் என்று நம்ப இயலாது. உடையும்போது சில்லுகள் பறக்கும்.

கண்ணாடி என்றால் பழுப்பு நிறமே ஏற்றது. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் சிதைந்து கெட்ட நாற்றம் வரும். கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு, குழாயை அடிவரை செலுத்திச் சலசலப்பின்றி நிரப்ப வேண்டும். முதல் முறை செய்பவர் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் சேர்த்து நிரப்பிவைக்கலாம். அடைத்த அன்று விரலால் அழுத்தினால் அது உள்வாங்கும். நாட்கள் செல்லச் செல்ல இறுகி, கல்போல் ஆகிவிடும். அறை வெப்பநிலையில் இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் நிற்கவைத்தால், கழுத்திலுள்ள வாயு பீரில் கரைந்து, ஈஸ்ட் அடியில் மெல்லிய வண்டலாகப் படிந்திருக்கும். கண்ணாடிக் குவளையில் ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும்.