மிகையூட்டம்: யூட்ரோஃபிகேஷன் என்ற சொல்லும் அதன் தமிழும்

யூட்ரோஃபிகேஷன் என்னும் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. அம்மொழியில் ‘யூ’ என்றால் நல்ல. ‘ட்ரோஃபே’ என்றால் ஊட்டம். இரண்டும் சேர்ந்த ‘யூட்ரோஃபோஸ்’ நன்கு ஊட்டம் பெற்றதைக் குறிக்கும். நலம் சொல்லும் இந்தச் சொல்தான், ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகி மீன்கள் செத்து மிதக்கும் நீர்நிலையின் நோய்க்குப் பெயராகிவிட்டது.

தொடக்கத்தில் இது நோயின் பெயராக இருக்கவில்லை. 1907இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வெபர் சதுப்பு நிலங்களை அவற்றின் ஊட்டச்சத்தைக் கொண்டு வகைப்படுத்த இதைக் கையாண்டார். 1919இல் சுவீடனைச் சேர்ந்த நௌமன் ஏரிகளுக்குப் பொருத்தினார். ஊட்டம் குறைந்த ஏரி, மிகுந்த ஏரி என்ற பாகுபாட்டுக்கு மேல் அவர்கள் இதில் எதையும் ஏற்றவில்லை. சாக்கடை நீரும், வயல்களிலிருந்து வடிந்த உரமும், சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டும் ஏரிகளைப் பச்சைக் குழம்பாக்கத் தொடங்கிய பிறகே, குறிப்பாக 1960களில், இச்சொல் மாசுபாட்டின் பக்கம் சாய்ந்தது.

ஊட்டம் மிகுந்தால் நீரின் மூச்சு, அதாவது ஆக்ஸிஜன், ஏன் குறைய வேண்டும்? நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடும்போது பாசி பல்கிப் பெருகுகிறது. பகலில் அது ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜனை வெளியிடத்தான் செய்கிறது. ஆனால் இரவில் அதுவும் சுவாசிக்கிறது. அதனால்தான் விடியும் நேரத்தில் ஆக்ஸிஜன் மிகத் தாழ்ந்து, மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பெருங்கேடு பாசி மடிந்தபின் வருகிறது. அடியில் படியும் பாசியைச் சிதைக்கும் பாக்டீரியா நீரில் கரைந்த ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது; கோடையில் சூடான மேல்நீர் குளிர்ந்த அடிநீரின் மேல் மூடிபோலக் கிடப்பதால், இழந்ததைக் காற்றிலிருந்து ஈடுசெய்யவும் வழியில்லை.

இதன் கணக்கு வியப்பூட்டுவது. 1 கிராம் பாஸ்பரஸைக் கொண்டு வளரும் பாசி முழுவதும் மக்குவதற்கு ஏறத்தாழ 140 கிராம் ஆக்ஸிஜன் தேவை. 25 பாகை செல்சியஸில் 1 லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் 8 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். அதாவது அந்த 1 கிராம், சுமார் 17,000 லிட்டர் நீரின் மூச்சை உறிஞ்சிவிடுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். இலங்கைப் பாடநூல் வழக்கில் ‘நற்போசணையாக்கம்’ என்ற சொல் உண்டு. கிரேக்கத்தின் ‘யூ’வுக்கு ‘நல்’ என்று நேர் நிற்கும் ஆக்கம் இது. மூலத்துக்கு உண்மையானது, ஆனால் மூலத்தின் குறையையும் கூடவே கொண்டுவருகிறது. முதன்முறை படிக்கும் மாணவருக்கு அது ஏதோ நன்மை என்றே தோன்றும். சிலர் எழுதும் ‘தூர்தல்’ பொருந்தாது. அது வண்டல் சேர்ந்து ஆழம் குறைவதைச் சொல்லும் சொல். ‘மிகையூட்டம்’ என்பதே என் தேர்வு. ‘மிகை’ அளவு கடந்ததைக் காட்டிவிடுகிறது. ‘ஊட்டு’ என்பதோ ‘உண்’ என்பதன் பிறவினை. ஊட்டுபவர் ஒருவர் இருக்கிறார் என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது, கிரேக்கச் சொல் சொல்லாததை. செயல்முறையைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘மிகையூட்டமுறுதல்’ எனலாம்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மிகையூட்டம் காரணம், ஆக்ஸிஜன் குறைவது அதன் விளைவு. கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய நிலை ஹைப்பாக்ஸியா. அதை ‘உயிர்வளிக் குறை’ எனலாம். அறவே இல்லாத நிலை அனாக்ஸியா, அது ‘உயிர்வளியின்மை’. மிகையூட்டத்தையும் உயிர்வளிக் குறையையும் ஒன்றாக்கி எழுதுவது பிழை. பாசியே பெருகாத ஆற்றிலும், சாக்கடையின் கரிமக் கழிவை பாக்டீரியா நேரடியாகச் சிதைப்பதால் உயிர்வளிக் குறை நேரலாம். அதை மிகையூட்டம் என்பது சரியன்று.

ஊட்டுபவர் எப்போதும் வெளியில்தான் இருப்பார் என்றும் இல்லை. அடிநீரில் ஆக்ஸிஜன் அற்றுப்போனால், சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் கட்டவிழ்ந்து மீண்டும் நீரில் கலக்கிறது. கழிவுநீர்க் குழாயை அடைத்த பின்னும் சில ஏரிகள் பல ஆண்டுகள் பச்சையாகவே இருப்பதற்குக் காரணம், அவற்றின் சேறு இன்னும் ஊட்டிக்கொண்டிருப்பதே.