எலுமிச்சை இலையில் சொறி: புள்ளிக்கு மருந்து இல்லை, துளிருக்கு உண்டு

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், என் வாட்ஸ்அப்பில் எலுமிச்சை இலைகளாக வந்து விழும். எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். கேள்வியும் ஒன்றுதான்: "இதுக்கு என்ன மருந்து?"

போன வருடம் மதுரையில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். பெரிய டிரம்மில் நாட்டு எலுமிச்சை, நாலு வயது மரம். "தம்பி, வீட்ல மிச்சமிருந்த மாத்திரையைக் கரைச்சு ஊத்திட்டேன், கேக்கல" என்றார் அந்த அம்மா. என்ன மாத்திரை என்று கேட்டேன். பேரனுக்குத் தொண்டை வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக். அதற்கு முன்னால் கடைக்காரர் கொடுத்த பூஞ்சாணக் கொல்லியை மூன்று முறை தெளித்திருக்கிறார். இரண்டும் வீண். மாத்திரை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போகவில்லை. கடைக்காரர் கொடுத்தது பூஞ்சைக்கான மருந்து. இவர் மரத்தில் இருந்ததோ பாக்டீரியா.

இதைச் சொறி நோய் என்பார்கள், கேங்கர் என்றும் சொல்வதுண்டு. விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். சத்துக் குறைவால் மஞ்சளாகும் இலை வழவழப்பாகவே இருக்கும். இந்தப் புள்ளி இலையின் இரண்டு பக்கமும் மேடாக, தக்கை மாதிரி தட்டுப்படும். குச்சியிலும் காயிலும்கூட வரும். காரணம் சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியா. நமக்கு இது புதிய விருந்தாளி இல்லை. 1827 முதல் 1831 வரை இந்தியாவில் சேகரித்து, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் பாதுகாத்து வைத்த நாரத்தை இன இலைகளிலேயே இந்தப் புள்ளிகள் இருக்கின்றன.

புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. பாக்டீரியா இலைக்குள்ளே இருக்கிறது, நாம் தெளிப்பது இலைமேல் படிகிறது. அதனால் இருக்கிற இலையை விட்டுவிட்டு, அடுத்து வரப்போகும் துளிரைக் காப்பாற்றும் வேலையைப் பாருங்கள். முற்றிய இலைக்கு இந்த நோய் அவ்வளவாகத் தொற்றாது. பாதி விரிந்த இளம் இலைதான் அதற்கு வாசல். காயைப் பொறுத்தவரை, பூ இதழ் உதிர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் ஆபத்துக் காலம்.

உள்ளே எப்படிப் போகிறது? காற்றோடு அடிக்கிற மழை, நனைந்த புள்ளியிலிருந்து பாக்டீரியாவை வாரிக்கொண்டு போய் இளம் இலையின் துளைகளில் திணிக்கிறது. மழை இல்லாத நாளில் அந்த வேலையை நாமே செய்கிறோம், சாயங்காலம் டியூபைப் பிடித்து இலையெல்லாம் குளிரக் குளிரத் தண்ணீர் அடித்து! காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்த வாசலைப் பலர் கவனிப்பதே இல்லை. கொழுந்து இலையில் வெள்ளி நிறத்தில் பாம்பு ஊர்ந்த மாதிரி கோடு போட்டு, இலை சுருண்டிருக்கிறதா? அது இலைத் துளைப்பான் புழுவின் வேலை. தோலுக்கு அடியில் அது குடைந்த பாதை முழுக்கத் திறந்த புண். ஒரு மழை போதும், அந்தக் கோடு நெடுகச் சொறி வரிசை கட்டும். எனக்கு வருகிற படங்களில் நிறையவற்றில் இந்தக் கோட்டைப் பார்க்கிறேன், அனுப்புகிறவர்களோ புள்ளியை மட்டும் கேட்கிறார்கள். துளிர் ஓரிரு அங்குலம் இருக்கும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில், வாரம் ஒரு தடவை. யூரியாவை அள்ளிப் போட்டால் துளிர் நிற்காமல் வரும், புழுவும் கூடவே வரும்.

கவாத்து விஷயத்தில் நானே சூடுபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் வீட்டு மரத்தில் நோய்க் கிளைகளைத் தூறல் நாளில் வெட்டினேன். அதே கத்தரியோடு பக்கத்திலிருந்த சாத்துக்குடிக்குப் போனேன். அடுத்த துளிரில் இரண்டும் ஒரே கோலம். இப்போதெல்லாம் மழை ஓய்ந்து நன்றாக வெயில் அடிக்கிற நாளில்தான் கத்தரியைத் தொடுகிறேன். மரத்துக்கு மரம் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைப்பதும் வழக்கமாகிவிட்டது. வெட்டிய குச்சியும் உதிர்ந்த இலையும் உரக்குழிக்குப் போகக் கூடாது, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

வெட்டிய பிறகு தாமிர மருந்து. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் போதும். கைவேலை பிடிக்கும் என்றால் ஒரு சதவீதப் போர்டோ கலவை: 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு கரைத்த அரை லிட்டரில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது மண். இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றைக்கே தெளித்து முடித்துவிடுங்கள். துளிர் பாதி விரியும்போது ஒரு முறை, மழைக் காலமானால் 15 நாள் கழித்து இன்னொரு முறை. தொட்டி மண்ணைச் சாக்கால் மூடிக்கொண்டு தெளியுங்கள், தாமிரம் மண்ணில் தங்கினால் போகாது. வேப்பெண்ணெயை இதோடு கலக்க வேண்டாம், சில நாள் இடைவெளி விடுங்கள்.

ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொடியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுக்கிற மருந்து. பயிருக்கு அடிக்க அடிக்க, அதற்கு அசையாத பாக்டீரியாக்கள் பெருகும். 2021 டிசம்பரில் மத்திய அரசே விவசாயத்தில் இதன் பயன்பாட்டை நிறுத்த வரைவு ஆணை வெளியிட்டது. ஒரு மாடித் தோட்ட எலுமிச்சைக்கு இது தேவையே இல்லை.

அடியோடு ஒழித்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் அதைத்தான் முயன்றார்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளை, வீட்டுக் கொல்லையில் நின்றவற்றையும் சேர்த்து வெட்டினார்கள். சூறாவளிகள் வந்து நோயை இன்னும் பரப்பின. 2006இல் திட்டத்தையே கைவிட்டார்கள். நாட்டு எலுமிச்சை இந்த நோய்க்கு ரொம்பவே எளிதில் ஆளாகும். புதிதாக வைக்கிறவர்கள் ஓரளவு தாங்கக்கூடிய பாலாஜி ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். நர்சரியில் கன்றைக் கையில் எடுத்ததும் இலையின் அடிப்பக்கத்தையும் குச்சியையும் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, அந்த மதுரை அம்மா கதைக்கு வருகிறேன். மரத்தை வெட்டிவிடும் முடிவில்தான் இருந்தார். தை மாதம் கவாத்து செய்து, தாமிரம் அடித்து, டியூபை மூலையில் சுருட்டி வைக்கச் சொன்னேன். மாசியில் வந்த துளிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. குப்பையில் கொட்ட எடுத்து வைத்திருந்த சொறிக் காய்களைக் காட்டி, "இதைத் தின்னா நமக்கும் வருமா?" என்றார். வராது, தோலில்தான் அழகில்லை, உள்ளே சாறு நல்ல சாறுதான் என்றேன். கிளம்பும்போது ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்தார்.